பழைய எம்.ஜி.பி. எஞ்சினிலிருந்து புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுதல்: எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. விளையாட்டுக் கார்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அமெரிக்காவில் கார்களின் புகைக்கு 1968ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து கூட்டாட்சி அரசு வரம்பு விதித்ததால், அதன்பின் அங்கே சென்ற எம்.ஜி.பி. ஒவ்வொன்றும், உள்நாட்டில் விற்ற வண்டிகளில் இல்லாத சில கருவிகளைச் சுமந்துகொண்டு சென்றது. பெல்ட்டில் ஓடும் காற்றுப் பம்பு, அதிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்குள் (சிலிண்டர்களின் மேல் மூடி) நுழையும் நான்கு குழாய்கள், அவற்றைச் சார்ந்த வால்வுகள், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிக்குப்பி என அந்தப் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீண்டது. அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களில் துருப்பிடிக்காமல் தப்பிய இவ்வண்டிகள் பலவற்றைப் பிரிட்டன் ஆர்வலர்கள் பின்னர் திரும்ப வாங்கி வந்தார்கள். அப்படித் தாயகம் திரும்பிய, 1968 முதல் 1974 வரையான, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கருவி) கொண்ட 1798 கன சென்டிமீட்டர் எஞ்சினை மனத்தில் வைத்தே இக்குறிப்பு எழுதப்படுகிறது. 1975 மாடல் முதல் வந்த ஒற்றை ஜெனித்-ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர் வண்டிகளில் குழாய்களின் போக்கே வேறு. அவற்றுக்கு இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

ஸ்பேனரை எடுக்கும் முன் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். அமெரிக்கச் சாலையில் ஓடும் வண்டியில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. தூய காற்றுச் சட்டம் புகைக் கட்டுப்பாட்டுக் கருவியை அகற்றுவதையும் செயலிழக்கச் செய்வதையும் தடுக்கிறது; முதலில் தயாரிப்பாளர், விற்பனையாளர், பணிமனை என்றிருந்த அந்தத் தடை 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தனிநபருக்கும் பொருந்துவதாயிற்று. கலிபோர்னியாவில் 1975க்கும் அதற்கு முந்தைய மாடல்களுக்கும் காலமுறைப் புகைச் சோதனை கிடையாது என்பதைக் காட்டி, "பழைய வண்டிக்கு எல்லாம் சரி" என்று சொல்பவர்கள் உண்டு. சோதனையிலிருந்து விலக்குப் பெறுவது வேறு, கருவியைக் கழற்ற அனுமதி பெறுவது வேறு. பிரிட்டனில் நிலை தெளிவானது: 1975 ஆகஸ்ட் 1க்கு முன் முதன்முதலாகச் சாலைக்கு வந்த பெட்ரோல் வண்டியின் புகையைச் சோதனையாளர் கண்ணால் பார்த்தாலே போதும், எண்ணளவு வரம்பு இல்லை. நாற்பது ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றம் எதற்கும் உள்ளாகாத வண்டிக்கு 2018 மே முதல் ஆண்டுச் சோதனையே கட்டாயமில்லை. அதோடு, உள்நாட்டு எம்.ஜி.பி.யில் காற்றுப் பம்பு ஒருபோதும் இருந்ததில்லை என்பதால், இங்கே நாம் செய்வது வண்டியை அதன் தாயக வடிவத்துக்குக் கொண்டுவருவதே. வேறு நாட்டில் இருப்பவர் தம் பதிவு அலுவலகத்தின் விதியை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இக்கருவிகளை எடுத்தால் வண்டி பறக்கும் என்ற எதிர்பார்ப்போடு இறங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். காற்றுப் பம்பு எஞ்சினிடமிருந்து உறிஞ்சும் சக்தி ஓட்டுநருக்குத் தெரியாத அளவு சிறியது. அமெரிக்க எம்.ஜி.பி. சோம்பலாக ஓடுவதற்கு உண்மையான காரணம், 1972 முதல் அதன் அழுத்த விகிதத்தை (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற அளவை) 8.8இலிருந்து 8.0 ஆகக் குறைத்ததுதான். அது பிஸ்டனில் இருக்கிறது, பம்பில் இல்லை. பின் எதற்காகக் கழற்றுவது? ஐம்பது ஆண்டுப் பழைய பம்பின் பேரிங் அலறும், வால்வின் ரப்பர் திரை கிழிந்து ஐட்லிங் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும் நிலை) தள்ளாடும், குழாய்கள் வெடித்துக் காற்றை உள்ளே விடும். கெட்டுப்போன கருவியைச் சுமப்பதைவிட, முறையாக எடுத்துவிட்டு ஓட்டைகளை முறையாக அடைப்பது நல்லது. முறையாக என்பதே இங்கு முக்கியச் சொல். இந்த வேலையில் கழற்றுவது கால் பங்கு. ஒவ்வொரு குழாயும் விட்டுச்செல்லும் ஓட்டை எதனோடு பேசிக்கொண்டிருந்தது என்று அறிந்து அதற்கு விடை சொல்வதே மீதி முக்கால் பங்கு.

கருவிகளை இனம் காணுதல்

பானெட்டைத் திறந்ததும் எஞ்சினின் முன்புறம், தண்ணீர்ப் பம்பின் புல்லியிலிருந்து தனி பெல்ட்டில் ஓடும் உருண்டையான அலுமினியப் பொருள் காற்றுப் பம்பு. அது அனுப்பும் காற்று இரண்டு வழியாகப் பிரிகிறது. முதல் வழி, ஒருவழி வால்வைக் கடந்து, ஹெட்டின் பக்கவாட்டில் ஓடும் இரும்புக் குழாயில் நுழைந்து, நான்கு சிறு கிளைகளாக ஒவ்வொரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வாயிலுக்குள்ளும் போகிறது. சிலிண்டரில் எரியாமல் தப்பிய பெட்ரோல், வெளியேறும் வழியிலேயே இந்தப் புதிய காற்றோடு கலந்து எரிந்துபோகும் என்பதுதான் இதன் தத்துவம். எக்ஸாஸ்ட் அழுத்தம் திரும்பி வந்து பம்பைச் சுட்டுவிடாமல் காப்பது அந்த ஒருவழி வால்வின் வேலை.

இரண்டாம் வழி 'கல்ப்' வால்வு என்ற வட்டமான தகர டப்பாவுக்குப் போகிறது. வேகமாகப் போகும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்டேக் மேனிபோல்டின் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் குழாய்) சுவரில் ஒட்டியிருந்த பெட்ரோல் திடீரென ஆவியாகிக் கலவையை மிகவும் கொழுக்க வைக்கும், அதாவது பெட்ரோல் மிகும். அது எரியாமல் எக்ஸாஸ்ட் வாயிலுக்குப் போய், அங்கே காத்திருக்கும் பம்புக் காற்றோடு சேர்ந்தால் பட்டாசு வெடித்தாற்போல் வெடிக்கும். அந்தக் கணத்தில் மேனிபோல்டுக்குள் ஒரு மடக்குக் காற்றை விட்டுக் கலவையை மெலியச் செய்வதற்காகவே கல்ப் வால்வு இருக்கிறது. இதிலிருந்து ஒரு விதி தானாகக் கிடைக்கிறது: பம்பை வைத்துக்கொண்டு கல்ப் வால்வை மட்டும் எடுக்கக் கூடாது. எடுத்தால் ஒவ்வொரு இறக்கத்திலும் சைலன்சர் வெடிக்கும்.

இவற்றைத் தவிர, கார்புரேட்டரின் த்ராட்டில் தகடுகளில் (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் தகடுகள்) ஸ்பிரிங்கோடு கூடிய சிறு வால்வு ஒன்று பதிந்திருக்கும். பிந்தைய வண்டிகளில் எக்ஸாஸ்ட் வாயுவின் ஒரு பகுதியை இன்டேக்குக்குத் திருப்பி விடும் வால்வும் இருக்கும். கரிக்குப்பியும் அதன் குழாய்களும் தனிக் குடும்பம். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

கழற்றும் முன் சோதித்தல்

பல வண்டிகளில் தள்ளாடும் ஐட்லிங்குக்குப் பம்பின் மீது பழி விழுகிறது. உண்மைக் குற்றவாளி வேறு எங்கோ இருக்கும். எனவே எஞ்சினைச் சூடாக்கி ஐட்லிங்கில் ஓடவிட்டு, கல்ப் வால்வுக்குப் பம்பிலிருந்து வரும் ரப்பர் குழாயைப் பிடுங்கி, வால்வின் திறந்த வாயில் விரலை வைத்துப் பாருங்கள். நல்ல வால்வு ஐட்லிங்கில் உறிஞ்சாது. வால்வு விரலை உள்ளே இழுத்தால் அதன் உள்ளுறுப்பு கெட்டுவிட்டது. இன்டேக் மேனிபோல்டுக்குள் ஓயாமல் காற்று ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிறகு ஆக்சிலேட்டரைச் சட்டெனத் திறந்து மூடினால் ஒரு கணம் உறிஞ்ச வேண்டும். ஒருவழி வால்வைக் கழற்றி வாயால் இரு பக்கமும் ஊதிப் பார்க்கலாம். பம்புப் பக்கத்திலிருந்து மட்டுமே மூச்சு போக வேண்டும். கம்ப்ரசர் காற்றால் ஊதினால் நல்ல வால்வும் கெட்டுவிடும்.

எல்லாம் சரியாக வேலை செய்கிறது, பம்பிலும் இரைச்சல் இல்லை என்றால் என் தனிப்பட்ட கருத்து, அப்படியே விட்டுவிடுங்கள் என்பதே. முழுமையான அமெரிக்க அமைப்போடு இருக்கும் வண்டி இன்று அரிதாகிவருகிறது.

கழற்ற முடிவு செய்தால், எந்தக் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்று கைபேசியில் பத்துப் பதினைந்து படங்கள் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு குழாயிலும் ஒட்டுத்தாளில் எண் எழுதி ஒட்டிவிடுங்கள். வால்வு இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.015 அங்குலம் என்று சரிபார்ப்பதும், நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் அளந்து எழுதி வைப்பதும் இந்தக் கட்டத்தில்தான். வேலை முடிந்த பின் வண்டி சரியாக ஓடவில்லையென்றால், பழைய நோயா புதிய நோயா என்று பிரித்தறிய அந்த எண்கள் உதவும்.

பம்பும் காற்றுக் குழாயும்

எஞ்சின் முற்றிலும் குளிர்ந்த பின் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். காற்றுக் குழாயின் நான்கு யூனியன் நட்டுகளும் ஐம்பது ஆண்டுகளாக எக்ஸாஸ்ட் சூட்டில் வெந்தவை. ஆகையால் இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே, காலையும் மாலையும் துருநீக்கி எண்ணெயை அவற்றின் அடியில் விட்டு வர வேண்டும். இங்கே அவசரப்படுபவர்கள்தான் ஹெட்டைக் கழற்றிக் கடைச்சல் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சாதாரண ஸ்பேனருக்குப் பதில், பிரேக் குழாய்களுக்குப் பயன்படும் திறந்த வாய் வளைய ஸ்பேனரைப் போட்டு, முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை அசைத்து, பிறகு தளர்த்துங்கள். நட்டு குழாயோடு ஒட்டிச் சேர்ந்து சுற்றினால் நிறுத்திவிடுங்கள். குழாயை நட்டுக்கு மேலே அறுத்துவிட்டு ஆழமான சாக்கெட்டால் நட்டை மட்டும் எடுப்பது நல்லது. எப்படியும் அந்தக் குழாய் திரும்பப் போடப்போவதில்லை. ஒருநாள் திரும்பப் பொருத்தலாம் என்று நினைப்பவர், ஒருவழி வால்வைப் பிரிக்கும்போது குழாயின் தலையை இரண்டாவது ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் குழாய் முறுக்கிக்கொள்ளும்.

பம்பை எடுப்பது எளிது. இழுவைச் சட்டத்தின் போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றி, தாங்கும் போல்ட்டை உருவினால் கையோடு வந்துவிடும். ஆல்டர்னேட்டரை ஓட்டும் பெல்ட் வேறு என்பதால் அதற்கு எந்தப் பாதிப்பும் இல்லை. தண்ணீர்ப் பம்பின் புல்லியில் ஒரு பள்ளம் வெறுமையாக நிற்கும், அவ்வளவுதான். பம்பின் சட்டத்தைத் தாங்கிய போல்ட் வேறு எந்தப் பாகத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தால், சட்டத்தின் தடிப்பைக் கழித்துவிட்டு அதே மரையில் குட்டையான போல்ட்டைப் போட வேண்டும். பழைய நீளப் போல்ட்டையே போட்டு இறுக்கினால் அது அடியில் முட்டி, இறுகியது போலக் காட்டிவிட்டுப் பாகத்தைத் தளர்வாகவே விட்டுவிடும்.

இப்போது ஹெட்டில் நான்கு ஓட்டைகள். இவற்றின் மரை 7/16 அங்குல யு.என்.எஃப்., அங்குலத்துக்கு 20 புரி. இதற்கென்றே விற்கும் அடைப்புகளும் கிடைக்கின்றன. கடையில் வாங்கும் அறுகோணத் தலை செட் ஸ்க்ரூவும் போதும். ஆனால் அதன் நீளம் முக்கியம். அரை அங்குலத்துக்குச் சற்று மேலே போனாலும் முனை எக்ஸாஸ்ட் வாயிலுக்குள் நீட்டி, வாயுவின் பாதையில் நின்று பழுக்கும். போல்ட்டைக் கையால் திருகி, எவ்வளவு தூரம் போகிறதென்று பார்த்து, தேவையானால் அரத்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டைப் போடும் முன் மரையைச் சுத்தம் செய்தாக வேண்டும், ஏனெனில் உள்ளே கரி கெட்டியாக அடைந்திருக்கும். 7/16 யு.என்.எஃப். டேப்பின் பள்ளங்களில் தடித்த கிரீஸ் தடவி, அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று மெதுவாகத் திருப்பினால் கரித்தூள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். அதற்கு முன், நீங்கள் வேலை செய்யும் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மூடியிருக்கும்படி எஞ்சினைக் கையால் சுற்றி நிறுத்துங்கள். வால்வு திறந்திருந்தால் தூள் சிலிண்டருக்குள் விழும். மூடியிருந்தால் வாயிலில் தங்கி, முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சர் வழியே வெளியேறிவிடும். ஓட்டைக்குள் மெல்லிய இரும்புக் குழல் ஒன்று தெரியலாம். அது காற்றை வால்வின் பின்புறத்துக்குக் கொண்டுபோகும் மூக்கு. உறுதியாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஆடினால், ஹெட் கழற்றப்படும் அடுத்த வாய்ப்பில் எடுத்துவிடுவது நல்லது.

மரையில் செம்பு கலந்த பசையைத் தடவி, அடியில் செம்பு வாஷரோடு போல்ட்டை இறுக்குங்கள். வார்ப்பிரும்பு மரை என்பதால், கைப்பிடி நீளமான ஸ்பேனரால் தொங்கி இறுக்க வேண்டியதில்லை. முதல் ஓட்டத்துக்குப் பின் ஆறவிட்டு ஒருமுறை இறுக்கிப் பார்த்தால் போதும்.

கல்ப் வால்வும் மேனிபோல்டும்

கல்ப் வால்விலிருந்து இன்டேக் மேனிபோல்டுக்கு ஒரு தடித்த குழாயும், மேனிபோல்டின் வெற்றிடத்தை உணரும் ஒரு மெல்லிய குழாயும் போகின்றன. இரண்டையும் எடுத்தபின் மேனிபோல்டில் இரண்டு வாய்கள் திறந்திருக்கும். பெரிய வாயில் ரப்பர் மூடியைச் செருகிக் கிளிப் போடுவது பலர் செய்யும் குறுக்குவழி. ரப்பர் சூட்டில் வெடித்து, ஒரு நாள் நெடுஞ்சாலையில் கலவை மெலிந்து, வால்வு கருகும்வரை காரணம் தெரியாது. அந்த யூனியனை முழுவதுமாகக் கழற்றி, அதை மாதிரியாகக் கடைக்குக் கொண்டுபோய், அதே மரையுள்ள உலோக அடைப்பை வாங்கித் திருகுங்கள். மரையின் பெயரை ஊகித்து வாங்க வேண்டாம். பிரேக் சர்வோ (எஞ்சினின் வெற்றிடத்தால் பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் கருவி) பொருத்திய வண்டியாக இருந்தால், அடைக்கப்போவது கல்ப் வால்வின் வாயா சர்வோவின் வாயா என்று உங்கள் படங்களைப் பார்த்து உறுதிசெய்யாமல் கை வைக்கக் கூடாது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் கருவி) போகும் வெற்றிடக் குழாயையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது இருந்த இடத்தில் இருக்கட்டும்.

எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பி விடும் வால்வு உங்கள் வண்டியில் இருந்தால், அதன் இடத்தில் 3 மில்லிமீட்டர் தடிப்பான இரும்புத் தகட்டை வெட்டிப் புதிய கேஸ்கெட்டோடு அடைத்து, அதன் வெற்றிடக் குழாய் வரும் வாயையும் மூட வேண்டும். அந்த வால்வு எரிதலின் வெப்பத்தைத் தணித்துவந்தது என்பதை மறக்க வேண்டாம். அதை எடுத்தபின் மேடேறும்போது எஞ்சினில் 'கிண்கிண்' என்ற தட்டல் கேட்டால் டைமிங்கை (பிளக்கில் தீப்பொறி விழும் நேரம்) சற்றுப் பின்தள்ள வேண்டியிருக்கும்.

தொடக் கூடாதது: கிராங்க் கேஸின் மூச்சு

பழைய விளையாட்டுக் கார்களில் நான் காணும் பெரிய தவறு, "புகைக் கட்டுப்பாடு" என்ற பெயர் கொண்ட எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிடுங்கி எறிவது. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசியும் வாயு கிராங்க் கேஸில் (பிஸ்டன்களுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறை) சேர்ந்துகொண்டே இருக்கும். எம்.ஜி.பி.யில் அது முன்பக்க டாப்பெட் மூடியிலுள்ள எண்ணெய் பிரிப்பான் வழியாக மேலேறி, 'ஒய்' வடிவக் குழாயில் பிரிந்து இரண்டு கார்புரேட்டர்களுக்கும் போகிறது. கார்புரேட்டரில் பிஸ்டனுக்கும் த்ராட்டில் தகட்டுக்கும் நடுவிலுள்ள அறையில் மென்மையான, ஏறக்குறைய மாறாத உறிஞ்சல் இருக்கும்; அது கிராங்க் கேஸை ஓயாமல் காலி செய்துகொண்டே இருக்கிறது. இதைக் கழற்றி, குழாயைத் தரையை நோக்கித் தொங்கவிட்டால், நீராவியும் அமிலமும் எண்ணெயில் தங்கிக் கசடாகும். கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, ஏற்கெனவே கசியும் பெயர் பெற்ற பின்பக்க எண்ணெய் சீல் வழியே எண்ணெய் கிளட்ச்சுப் பக்கம் வழியும். மேலும் கார்புரேட்டர்களின் அந்த இரண்டு வாய்களும் திறந்தால் கணக்கில்லாத காற்று புகுந்து கலவை மெலியும். ஆகவே இந்தக் குழாய்களைப் புதுப்பித்து அப்படியே மாட்டுங்கள். இது எஞ்சினின் ஆயுளைக் கூட்டும் கருவி. புகை குறைவது அதன் உபரிப் பயன்.

கரிக்குப்பியைப் பற்றிய கேள்வி இங்கேதான் எழுகிறது, ஏனெனில் அது கிராங்க் கேஸின் மூச்சோடு பின்னிக் கிடக்கிறது. முதலில் கலிபோர்னியாவுக்கும் அடுத்த ஆண்டு அமெரிக்கா முழுமைக்கும் வந்த இந்த அமைப்பில், பெட்ரோல் டாங்கின் ஆவியும் கார்புரேட்டரின் மிதவை அறைகளின் (பெட்ரோலைத் தேக்கி வைக்கும் சிறு அறைகள்) ஆவியும் கரிக்குப்பிக்கு வந்து கரியில் ஒட்டிக்கொள்கின்றன. எஞ்சின் ஓடும்போது புதிய காற்று குப்பியின் அடிப்புறம் நுழைந்து, கரியிலுள்ள பெட்ரோலை வாரிக்கொண்டு, எஞ்சினின் உச்சியிலுள்ள ராக்கர் மூடியின் குழாய் வழியாக எஞ்சினுக்குள் இறங்கி, டாப்பெட் மூடி வழியாக வெளியேறிக் கார்புரேட்டரை அடைகிறது. இதற்காகவே இவ்வண்டிகளுக்குக் காற்றுப் புகாத எண்ணெய் மூடியும், காற்றுப் புகாத பெட்ரோல் மூடியும் கொடுத்தார்கள். ராக்கர் மூடியின் குழாய்க்குள் துவாரத்தைக் குறுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. எவ்வளவு காற்று உள்ளே போகலாம் என்பதை அதுதான் அளக்கிறது.

கரிக்குப்பியை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. அது சக்தி எதையும் தின்பதில்லை, இரைச்சல் போடுவதில்லை, வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் நிறுத்திய வண்டியிலிருந்து வீட்டுக்குள் பெட்ரோல் வாடை வராமல் காக்கிறது. அடிப்புறத்து வடிதாளை மாற்றி, குழாய்களைப் புதுப்பித்தால் போதும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால், ஆவிக் குழாய்களுக்கும் பெட்ரோல் குழாய்களுக்கும் ஆர்9 தரம் என்று அச்சிட்ட ரப்பரையே வாங்குங்கள்.

குப்பி காணாமலே போய்விட்ட வண்டி கைக்கு வந்திருந்தால் நான்கு ஓட்டைகளுக்கு விடை காண வேண்டும். டாங்குக்குக் காற்று உள்ளே போக வழி வேண்டும். இல்லையேல் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, இருபது கிலோமீட்டரில் வண்டி மூச்சுத் திணறி நிற்கும். ஆகவே காற்றோட்டமுள்ள பெட்ரோல் மூடியைப் போட்டு, ஆவிக் குழாயின் முனையை அடைக்க வேண்டும். மிதவை அறைகளின் வாய்களை ஒருபோதும் அடைக்கக் கூடாது. தனித்தனிக் குழாய் போட்டு, எக்ஸாஸ்ட்டிலிருந்து விலகி, எஞ்சினுக்குக் கீழே திறந்த வெளியில் முடியச் செய்ய வேண்டும். ராக்கர் மூடியின் குழாயைத் திறந்து விடாமலும் முழுவதும் அடைக்காமலும், அதன் உள்கட்டுப்பாட்டை அப்படியே வைத்து ஒரு சிறு வடிகட்டியை மாட்ட வேண்டும். அல்லது அதை அடைத்துவிட்டு, உள்நாட்டு வண்டிகளைப் போல வடிகட்டியோடு கூடிய காற்றோட்ட எண்ணெய் மூடியைப் போடலாம். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் காற்று அளவுக்கு மீறும்.

நான்காவது, பிந்தைய வண்டிகளில் உள்ள மின்வால்வு. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் எஞ்சின் தானாகக் குமுறிக்கொண்டு ஓடுவதைத் தடுக்க, எண்ணெய் அழுத்தம் இருக்கும் சில நொடிகளுக்கு இது மேனிபோல்டின் வெற்றிடத்தைக் கரிக்குப்பி வழியாக மிதவை அறைகளின் மேல் செலுத்தி, ஜெட்டுக்குப் பெட்ரோல் ஏறாமல் செய்கிறது. அமைப்பு முழுவதும் மூடியிருந்தால் மட்டுமே இது பலிக்கும். காற்றோட்டப் பெட்ரோல் மூடியையோ எண்ணெய் மூடியையோ தெரியாமல் போட்டவர்கள், "சாவியை எடுத்தாலும் எஞ்சின் நிற்க மாட்டேன் என்கிறது" என்று தலையில் கைவைத்து உட்காருவது இதனால்தான். குப்பியை எடுத்தால் இவ்வால்வையும் எடுத்து, அதன் மேனிபோல்டுக் குழாயை அடைத்து, ஐட்லிங்கைக் குறைவாக வைத்து, டைமிங்கைச் சரியாக வைத்துக் குமுறலைச் சமாளிக்க வேண்டியதுதான். குப்பியை வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

த்ராட்டில் தகடுகள்

ஐட்லிங் ஸ்க்ரூவை முழுவதும் தளர்த்தியும் எஞ்சின் 1,200 சுற்றுக்குக் கீழே இறங்க மறுத்தால், தகட்டிலுள்ள சிறு வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். இறக்கத்தில் காலை எடுக்கும்போது கொஞ்சம் கலவையை விடுவதற்காக வைத்த வால்வு, எந்நேரமும் விட்டுக்கொண்டிருக்கிறது. துவாரமில்லாத சாதாரணத் தகட்டை மாற்றினால் தீர்ந்தது. கார்புரேட்டரைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். தகட்டின் இரண்டு ஸ்க்ரூக்களும் முனை பிளந்தவை. பழையவற்றைத் திரும்பப் பயன்படுத்தாமல் புதியவற்றைப் போட்டு, தகடு உடலில் எங்கும் உரசாமல் முழுவதும் மூடுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே முனைகளை விரிக்க வேண்டும். விரிக்க மறந்த ஸ்க்ரூ ஒருநாள் கழன்று பிஸ்டனின் தலையில் விழும்.

டியூனிங்

பம்பின் காற்று சிலிண்டருக்கு வெளியே எக்ஸாஸ்ட்டில்தான் கலந்தது என்பதால், அதை எடுத்ததற்காகக் கார்புரேட்டரின் ஊசியை மாற்ற வேண்டியதில்லை. இதை நம்பாமல் கொழுத்த கலவை தரும் ஊசியை வாங்கிப் போட்டு, பிளக்குகளைக் கரியாக்கிக்கொள்பவர்கள் ஏராளம். மாற வேண்டியது கெட்ட கல்ப் வால்வின் ஒழுகலுக்கு ஈடாக யாரோ எப்போதோ திருகி வைத்த கலவை அமைப்பு.

டைமிங்கை முதலில் வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்து, ஸ்ட்ரோப் விளக்கைப் பிடித்து, எஞ்சினை 3,500 சுற்றுக்கு மேல் உயர்த்தி, முழு முன்னேற்றம் (தீப்பொறி அதிகபட்சமாக முன்கூட்டி விழும் கோணம்) 32 டிகிரியில் நிற்கும்படி வைப்பது இவ்வெஞ்சினுக்குப் பல காலமாக ஒத்துவந்த அளவு. அமெரிக்க டிஸ்ட்ரிபியூட்டர்களின் முன்னேற்ற வளைவு உள்நாட்டு வண்டிகளுக்கு உரியதல்ல என்பதால், ஐட்லிங்கில் அளந்து வைப்பதைவிட மேல்முனையில் அளப்பது பாதுகாப்பானது. தட்டல் கேட்டால் இரண்டு டிகிரி பின்தள்ளுங்கள். 8.8 விகித எஞ்சினுக்குப் பிரிட்டனில் 97க்குக் குறையாத ஆக்டேன் பெட்ரோல் போடுவது நல்லது, 8.0 விகித எஞ்சினுக்கு 95 போதும்.

அடுத்து, கார்புரேட்டர்களின் மேல்குடுவையில் 20 கிரேடு எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டையும் இணைக்கும் கம்பியைத் தளர்த்தி, ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வைத்து இரைச்சல் சமமாகும்வரை ஐட்லிங் ஸ்க்ரூக்களைத் திருகுங்கள். கலவையைப் பார்க்க, தூக்கும் ஊசியால் ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை 1/32 அங்குலம் மட்டும் உயர்த்துங்கள். எஞ்சினின் வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவை கொழுப்பு. உடனே விழுந்தால் மெலிவு. ஒரு கணம் சற்று ஏறி மீண்டும் பழைய நிலைக்கு வந்தால் சரி. 1971 வரையான எச்.எஸ்.4 கார்புரேட்டரில் அடியிலுள்ள நட்டைக் கீழ்நோக்கித் திருகினால் கலவை கொழுக்கும். 1972 முதல் வந்த எச்.ஐ.எஃப்.4இல் பக்கவாட்டு ஸ்க்ரூவை உள்ளே திருகினால் கொழுக்கும். ஒவ்வொரு முறையும் கால் சுற்றுக்கு மேல் போக வேண்டாம்.

எதைத் திருகினாலும் கலவை நிலைக்கு வரவில்லையென்றால் எங்கோ ஒரு வாய் திறந்திருக்கிறது. மிகச் சிறிதளவு தண்ணீரைத் தெளித்து, மேனிபோல்டின் ஒவ்வொரு இணைப்பிலும் நீங்கள் அடைத்த ஒவ்வொரு வாயிலும் வரிசையாகச் சோதியுங்கள். ஐட்லிங் மாறும் இடத்தில் கசிவு இருக்கிறது. சூடான எக்ஸாஸ்ட் அருகே எரியும் திரவத்தைத் தெளிக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள்.

சுமார் 150 கிலோமீட்டர் ஓட்டியபின் எஞ்சின் ஆறிய நிலையில் நான்கு ஹெட் அடைப்புகளையும் மேனிபோல்டின் அடைப்பையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்; அடைப்பைச் சுற்றிக் கருமையான புகைத் தடம் தெரிந்தால் செம்பு வாஷரை மாற்றுங்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பீங்கான் பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும். கழற்றிய பம்பு, குழாய், வால்வுகள், சட்டம், பெல்ட் எல்லாவற்றையும் எண்ணெய் தடவி ஒரே பெட்டியில் வைத்து, எடுத்த படங்களின் அச்சுப் பிரதியையும் அதற்குள் போட்டு, வண்டியை விற்கும் நாளில் பெட்டியையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்குபவர் அமெரிக்காவுக்கே அதைத் திரும்பக் கொண்டுபோகக் கூடும்.